ஆறாவது டப்பா

பச்சை எலுமிச்சைத் தோல், சிவப்பு காப்பிப் பொடி, கறுப்பு பெருங்காயம், மஞ்சள் சோப்பு, நீலம் ஏலக்காய், மெரூன்... மெரூன் எங்கே, மெரூனை விடு, எந்தப் பொட்டுமே இல்லையே, ஆறு டப்பாக்களும் மேஜைமேல் ஒரே கறுப்பாக, மொட்டையாக நிற்கின்றன. பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார் என்று ஐந்தே நிமிஷம் வெளியே போனேன், அதற்குள் நான் அடையாளத்துக்காக டப்பாக்களின் அடியில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டெல்லாம் குழந்தைகளின் முகத்துக்குப் போய்விட்டன. மான்சியின் நெற்றியில் பச்சை, குர்ப்ரீத்தின் மூக்கு நுனியில் சிவப்பு, நிகில் நாக்கை நீட்டிக் காட்டுகிறான், அதன்மேல் மெரூன், ஐயோ துப்புடா, துப்பு, விழுங்கிவிடாதே... கோபம் வரவேண்டும், வரவில்லை, இருபத்திரண்டு குழந்தைகள் ஆறு பொட்டைப் பங்குபோட்டுக்கொண்டு கல்யாண வீடு மாதிரி உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கோபித்துக்கொள்வது. ஆனால் வெள்ளிக்கிழமை இன்று. ஒரு மணிக்குள் அவருக்குப் போன் பண்ணவேண்டும், அதற்கு முன்னால் அந்த ஆறாவது டப்பா எனக்குத் தெரிந்தாகவேண்டும், இந்த ஆறில் எது அது?

வேறு டீச்சராக இருந்தால் இதெல்லாம் ஒரு விஷயமா, ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோனால் தீர்ந்தது. மூடியில் ஊசியால் துளை போட்டிருக்கிறேன், உள்ளே தெரியாமலிருக்க மேலே பஞ்சு, குழந்தைகள் முன்னால் பிரித்துப் பார்க்கவும் முடியாது, எல்லாம் நேற்றுச் சாயங்காலம் ஒழுங்காகச் செய்ததுதான். போட்டோ பிலிம் வரும் டப்பாக்கள் இவை, கரோல் பாக் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சர்தார்ஜி ஒரு பை நிறையக் கொடுத்தார், எதுக்கு மேடம் என்றார், மூக்குப் பாடத்துக்கு என்றேன், சிரித்தார். போன மாதம் கண், அதற்கு முந்தைய மாதம் காது, இந்த வாரம் மூக்கு. யார் நடத்துவது? மூக்கே இல்லாத நான். செப்டம்பரில் வந்த காய்ச்சல், எட்டு நாள் படுக்கை, ஒன்பதாம் நாள் எழுந்து காப்பி போட்டு வாயருகே கொண்டுபோனேன், வெந்நீர் மாதிரி இருந்தது, பொடி மட்டம் என்று நினைத்துக் கொட்டிவிட்டு இன்னொரு தம்ளர் போட்டேன். அப்புறம்தான் சோப்பு, அப்புறம் ஊதுபத்தி, அப்புறம் என் பெண் ஷ்ரேயாவின் தலை. டாக்டர், வரலாம், வராமலும் போகலாம் என்றார், பஸ்ஸைப் பற்றிச் சொல்வது மாதிரி. ஐந்து மாதமாயிற்று, ஒருவரிடமும் சொல்லவில்லை. இங்கே சொன்னால் யார் வைத்துக்கொள்வார்கள்? நர்சரி டீச்சருக்கு மூக்குதான் பாதி வேலை, யார் நிக்கரிலேயே போய்விட்டான், யார் டப்பாவில் சாதம் ஊசிப்போயிருக்கிறது... ஆயா ராஜாத்தி இருப்பதால் ஓடுகிறது, அவள் கதவைத் திறந்ததுமே மூக்கைச் சுளித்து எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாள். சரி, இங்கே சொல்லவில்லை. அவரிடம் ஏன் சொல்லவில்லை?

"மேம், ஷுரு கரோ நா," ஆரம்பியுங்கள் என்கிறாள் மான்சி. ஆரம்பிக்கிறேன் கண்ணே, ஒரு நிமிஷம்.

தீபாவளிக்கு வந்தார். குவாஹாத்திக்கு மாற்றலாகிப் போய் ஒன்றரை வருஷத்தில் அது நாலாவது தடவை. ரயில் ஐந்து மணி நேரம் லேட், காலை பத்து மணிக்கு வாசலில் பெட்டியோடு நிற்கிறார், ஷ்ரேயா ஸ்கூலில், நான் லீவு. கதவைச் சாத்தினதும் நான் எப்போதும் செய்வது ஒன்று உண்டு, கல்யாணமான புதிதிலிருந்தே, அவர் கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் முகத்தை வைத்து ஒரு மூச்சு. சந்தன சோப்பும் ரயில் புழுதியும் இஸ்திரிச் சட்டையில் ஊறிய வியர்வையும், அதற்கு அடியில் பேரே இல்லாத ஒன்று, அதுதான் அவர், அதுதான் கிருஷ்ணபிரசாத் என்கிற மனுஷன். பெண் பார்க்க வந்தபோது எனக்கு அவர் முகம் கூடச் சரியாகப் பதியவில்லை, தட்டை வாங்கக் குனிந்தபோது வந்தது பாருங்கள், அதில்தான் சரி என்றேன், இதை அம்மாவிடம் சொல்ல முடியுமா. அன்றைக்கும் முகத்தை வைத்தேன். ஒன்றுமில்லை. காலண்டர் படத்தில் முகத்தை வைத்தால் எப்படியிருக்கும், அப்படி. யாரோ ஒரு உயரமான ஆள் என்னைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று உடம்பு பயந்து பின்னால் வாங்கிக்கொண்டுவிட்டது, நான் இல்லை, உடம்பு. அவர் பார்த்துவிட்டார். "என்னாச்சு வசு?" "ஒண்ணுமில்லே, குளிக்கலாமே, ஹீட்டர் போட்டிருக்கேன்." குளிக்கலாமே! எதற்காக அப்படிச் சொன்னேன்? ஐந்து மணி நேரம் லேட்டாக வந்த மனுஷனை வாசலிலேயே நிறுத்தி, போய்க் குளி என்று சொன்ன மாதிரி... அதன்பிறகு பத்து நாளும் அவர் என்னிடமிருந்து ஒரு கை தூரத்திலேயே உட்கார்ந்தார், பால் இரண்டு தடவை பொங்கி அடிப்பிடித்தது, இரண்டு தடவையும் அவரே எழுந்துபோய் அணைத்தார், நான் பக்கத்திலேயே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "உன் மனசு இங்கே இல்லே, வசு," என்றார். இருக்கிறது, மூக்குதான் இல்லை என்று அந்த நிமிஷத்திலாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன கேட்பார், அப்போ என்னை உனக்குத் தெரியலையா? அதற்கு என்ன பதில்? தெரியவில்லை என்பதா?

சரி, டப்பா. முதல் டப்பா. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மூக்கால் பாருங்கள், என்ன தெரிகிறதோ காதில் சொல்லுங்கள், கத்தக்கூடாது. யார் கேட்டார்கள், குர்ப்ரீத் கத்தியாயிற்று, "நிம்பூ பானி!" எலுமிச்சை. நல்லது, ஒன்று கழிந்தது. இரண்டாவது, சரோஜினி நகரிலிருந்து வரும் குட்டிப் பையன் வைத்தி மூடியோடு சேர்த்து மூக்கை அழுத்தி, "எங்க அப்பா பேப்பர் படிக்கறா," என்கிறான். காப்பி! காப்பி என்ற வார்த்தை அவனுக்கு வரவில்லை, அப்பா பேப்பர் படிப்பதுதான் வந்தது. புத்தகத்தில் நல்ல வாசனை, கெட்ட வாசனை என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், பூ இந்தப் பக்கம், குப்பைத்தொட்டி அந்தப் பக்கம், ஆனால் குழந்தைகள் யாரும் நல்லது கெட்டது சொல்வதேயில்லை, நேராக ஆளைச் சொல்கிறார்கள், இடத்தைச் சொல்கிறார்கள். மூன்றாவதற்கு மான்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு "சீ... ஆயா!" என்கிறாள், வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது, கதவருகே நிற்கும் ராஜாத்தி வந்து மோந்து பார்த்துவிட்டு, "அட, பெருங்காயம், நேத்து ரசம் வச்ச கைய்யி, அதச் சொல்லுது பாரு வாலு," என்று அவள் தலையில் செல்லமாகத் தட்டுகிறாள். மூன்று போயிற்று, மூன்று இருக்கிறது, சோப்பு, ஏலக்காய், அது.

அது... அவர் போகும்போது குளியலறைக் கதவுக்குப் பின்னால் மறந்துவிட்டுப் போன சட்டை, வெளிர் நீலம், மெல்லிய கோடு, இரண்டு நாள் போட்டது. துவைக்கவில்லை. புடவை வரும் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். மத்தியானம் ஸ்கூல் விட்டு வந்து, ஷ்ரேயாவின் பஸ் வரும்வரை ஒரு மணி நேரம், அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு படுத்துவிடுவேன், மூன்றரை மாதமாக, ஞாயிறு தவிர. ஒன்றும் வராது. ஆனால் இருக்கும் இல்லையா? ரேடியோ ஸ்டேஷன் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும், என் பெட்டிதான் பழுது, என்றைக்காவது ஒரு நாள் சட்டென்று எடுக்கும் என்று... பெட்டி பழுது என்பது தெரியும், ஸ்டேஷன் இன்னும் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாரிடம் நீட்டி, இதில் என் வீட்டுக்காரர் இருக்கிறாரா பாருங்கள் என்று கேட்பது? செவ்வாய்க்கிழமை அவர் கடிதம் வந்தது, ஒரு பக்கம்தான். இங்கேயே இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சம்மதமா, டெல்லிக்குக் கேட்கிறேனா என்று வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்கவேண்டும், உனக்கு எது சௌகரியமோ அதை எழுதிவிடுகிறேன், ஒரு மணிக்குள் ஆபீசுக்குப் போன் பண்ணு. உனக்கு எது சௌகரியமோ! பதினோரு வருஷம் குடும்பம் நடத்தின பிறகு சௌகரியமாம். வா என்று சொல்ல எவ்வளவு நேரம், ஆனால் வந்தபிறகு? தினமும் காலையில் பக்கத்தில் ஒரு காலண்டர் படம், தினமும் என் உடம்பு பின்வாங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பது, அதைவிட அங்கேயே... நேற்றுச் சாயங்காலம் பாடத்துக்கு ஐந்து டப்பா நிரப்பிவிட்டு ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பிறகு கத்தரிக்கோலை எடுத்து அந்தச் சட்டையின் காலரின் உள்பக்கத்தில் விரல்நீளம் வெட்டினேன், மடித்து டப்பாவில் போட்டேன். நாலு வயசு மூக்குகள் பொய் சொல்லாது. ஒரே ஒரு குழந்தை, அப்பா மாதிரி இருக்கிறது, மாமா மாதிரி இருக்கிறது, யாரோ ஒரு ஆள் என்று சொல்லிவிட்டால் போதும், ஸ்டேஷன் இருக்கிறது என்று அர்த்தம், வாங்கோ என்று சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால்... அதை நேற்று யோசிக்கவில்லை.

நாலாவது டப்பா. நிகில் மோந்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறான். "குச் நஹி ஹை." ஒன்றுமில்லையாம். ஏலக்காயாக இருந்தால் ஒன்றுமில்லை என்பானா, சோப்பாக இருந்தால்? குர்ப்ரீத் வாங்கி மோந்து, காலி, காலி என்று டப்பாவை உருட்டிவிடுகிறான், அது மேஜையில் உருண்டுபோய் வைத்தியின் கையில் நிற்கிறது, அவனும் இல்லை என்று தலையாட்டுகிறான். உட்கார்ந்துகொள், வசுமதி, சின்ன நாற்காலியானாலும் பரவாயில்லை, உட்கார். இல்லை என்றுதானே சொல்கிறார்கள், மூன்று மூக்குகள் சொல்லியாயிற்று. மூன்றரை மாதமாக நான் முகத்தை வைத்து அழுததெல்லாம் வெறும் துணியில். போயே போய்விட்டது, எந்த மத்தியானத்தில் போயிற்றோ, ஒருவேளை டிசம்பரிலேயே, ஒருவேளை முதல் வாரத்திலேயே, நான் அதை வழியனுப்பக்கூட இல்லை... அப்போதுதான் மான்சி டப்பாவை எடுக்கிறாள். மற்றவர்கள் மாதிரி உறிஞ்சவில்லை அவள், மூடியை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள், கண் மூடியிருக்கிறது, பச்சைப் பொட்டு கோணலாக இருக்கிறது. மெதுவாக ஒரு சிரிப்பு. "யே தோ மேம் கி கோத் ஹை."

இது மேமோட மடி.

என்ன சொன்னாய், திரும்பச் சொல். திரும்பச் சொல்கிறாள், இவ்வளவு சுலபமான கேள்வியைப் போய் டீச்சர் இரண்டு தடவை கேட்கிறாளே என்கிற மாதிரி, எழுந்து வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்து மோந்து, டப்பாவை மோந்து, திரும்பத் தலைப்பை, ஆமாம், சரிதான் என்று தலையாட்டுகிறாள். ஜூலை முழுக்க இந்த மடியில் உட்கார்ந்து அழுத குழந்தை, அம்மா வேண்டும் அம்மா வேண்டும் என்று என் தோளில் மூக்கைத் துடைத்தவள், அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். நானா? என் வாசனையா? எனக்கு என்று ஒன்று இருக்கிறதா? தேங்காயெண்ணெய் இருக்கும், சாக்பீஸ் இருக்கும், கண்ணீருக்கு வாசனை உண்டோ என்னவோ... மற்ற மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை என்று பட்டது, சரிதானே, காலையிலிருந்து நான் இருக்கும் அறை, அவர்களுக்கு நான் காற்று மாதிரி. அவரைத் தேடி அந்தத் துணியில் முகத்தை வைத்து வைத்து, தேடின ஆளே அதில் படிந்துபோயிருக்கிறாள். அவர் போய்விட்டார், நான்தான் மிச்சம்.

சோப்புக்கும் ஏலக்காய்க்கும் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மணியடித்து, பைகளை மாட்டி, ரிக்ஷாக்களில் ஏற்றி அனுப்பி, திரும்பி வந்தால் ராஜாத்தி டப்பாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒன்றை மட்டும் தனியே வைத்திருக்கிறாள். "டீச்சரம்மா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?" "கேளு." "ஒனக்கு மூக்கு வேல செய்யல, இல்ல?" அந்தத் தனி டப்பாவை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்கிறேன். "பாப்பா வாந்தி எடுத்தது மேலயே காலு வச்சிக்கினு நின்ன அன்னிக்கே தெரியும் எனக்கு. நான் ஆருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஊட்டுல அய்யாவுக்காச்சும் சொன்னியா?" இல்லை என்று தலையாட்டுகிறேன். "நல்லாக்கீது போ. அய்யா என்னான்னு நெனச்சிக்கினாரோ," என்கிறாள், துணியை உதறி. என்ன நினைத்துக்கொண்டார்? இந்த ஐந்து மாதமும் எனக்கு அவர் என்னவாகிவிட்டார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேனே, அவருக்கு நான்...

எஸ்.டி.டி. பூத் இரண்டு சந்து தள்ளி, போட்டோ ஸ்டூடியோவுக்கு எதிரே. பிப்ரவரி வெயில் இதமாக இருக்கிறது, கடலை வறுக்கிறவனின் சட்டி புகைகிறது, அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. மணி பன்னிரண்டே முக்கால். எனக்கு முன்னால் ஒரு ஆள் யாருக்கோ கல்யாணத் தேதி சொல்லிக்கொண்டிருக்கிறார், பதினெட்டு, பதினெட்டு, ஜல்தி என்கிறார் பூத்காரர். குவாஹாத்திக்கு என் வீட்டுக்காரர் கிளம்பின அன்றைக்கு, நவம்பரில், பெட்டியைக் கட்டும்போது இஸ்திரிப் பெட்டியைச் சுற்ற ஒரு துணி வேண்டும் என்றார். பழைய பேப்பர் இருக்கிறது, கிழிந்த போர்வை இருக்கிறது, எல்லாம் எடுத்து வைத்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு நாற்காலியில் கிடந்த என் சுங்குடிப் புடவையை எடுத்தார், பழுப்பு, நூறு தடவை துவைத்து மெத்தென்று ஆனது, எனக்கு வீட்டில் கட்ட அதுதான். "ஐயோ அது எதுக்கு, நேத்து கட்டிண்டது, இன்னும் துவைக்கக்கூட இல்லே." "பரவாயில்லே, இதுவே இருக்கட்டும்." எனக்கு எவ்வளவு கோபம், என் புடவையென்றால் இவருக்கு இரும்பைச் சுற்றத்தான் ஆகும் போலிருக்கிறது என்று ரயில் கிளம்புகிறவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். துவைக்காத புடவை. போர்வை பக்கத்திலேயே இருந்தது. அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது...

"மேடம், நம்பர் போலியே," நம்பர் சொல்லுங்கள் என்கிறார் பூத்காரர். சொல்கிறேன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். மணி போகிறது, யாரோ எடுக்கிறார்கள், கிருஷ்ணபிரசாத் என்கிறேன், ஹோல்டு என்கிறார்கள், டைப்ரைட்டர் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், பக்கத்திலேயே காத்திருந்திருக்கிறார்.

"சொல்லு வசு. ஃபாரம் கையிலேதான் வச்சிண்டிருக்கேன். என்ன எழுதட்டும்?"

காரியமான குரல். நாலு பேர் பக்கத்தில் இருப்பார்கள். வாங்கோ என்று சொல்லவேண்டும், காய்ச்சலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், குளிக்கலாமே என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும், எது முதலில்... "அந்த இஸ்திரிப் பெட்டியைச் சுத்தி எடுத்துண்டு போனேளே, என் சுங்குடி," என்கிறேன், "அதைத் துவைச்சுட்டேளா?"

டைப்ரைட்டர் மட்டும் கேட்கிறது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தால் இல்லை, மூச்சு வருகிறது, அவருடைய மூச்சு, அது எனக்குத் தெரியும்.

"இல்லே," என்கிறார், ரொம்ப மெதுவாக. பிறகு, "ஏன் கேக்கறே?"

துவைக்கவில்லை. மூன்றரை மாதமாகத் துவைக்கவில்லை, அப்படியென்றால் அவர் எங்கே வைத்திருக்கிறார், தலையணைமேலா, எத்தனை தடவை முகத்தை... அப்படியென்றால் அதில் இப்போது நான் இருக்கமாட்டேனே, என் புடவை முழுக்க அவர்தான் இருப்பார், நான் தேடுகிறது அங்கே இருக்கிறது, அவர் தேடுகிறது இங்கே ஒரு பிலிம் டப்பாவில் என் கைப்பையில் இருக்கிறது, இருவருக்குமே தெரியவில்லை. எனக்காவது மூக்கு இல்லை. அவருக்கு இருக்கிறதே, அதில் என் வாசனை எந்த மத்தியானத்தில் போயிற்று என்று அவருக்குத் தெரிந்திருக்குமே, தெரிந்தபிறகும் துவைக்காமல் ஏன்...

"வசு? லைன்லே இருக்கியா?"

"இருக்கேன்," என்கிறேன். "இருக்கேன்." அடுத்த வார்த்தைதான் காய்ச்சலிலிருந்து ஆரம்பிக்கவேண்டிய வார்த்தை, அது எது என்று தெரியாமல் ரிசீவரை முகத்தோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்கிறேன், கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில்.